நடுமாடி

தண்ணீர்மலை இறக்கத்தில்
மூன்றாவது சுற்றின்போதுதான்
முழங்கால் முதன்முதலாய்ப் பேசியது.
குரங்குகள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நானும் காதில் வாங்காமல்
பாலம் ஓட்டத்துக்குப் பணம் கட்டினேன்.
புதுச் சப்பாத்து. பச்சைத் தைலம். இறுக்கமாய் ஒரு பட்டை.
கடைசியில்
ஆபீஸ் நாற்காலியைவிட்டு எழவே
மேசையைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

ஹஸ்லினா முழங்காலைத் தொடவேயில்லை.
ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னாள்.
இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது,
காசு வாங்கிய சாட்சி மாதிரி.
"மேல்மாடியில் சோம்பல்,
கீழ்மாடியில் அவசரம்.
கத்துவது நடுமாடிக்காரர்.
அவரை மட்டும் அதட்டி என்ன பயன்?"

ஓட்டத்தை நிறுத்தவில்லை, குறைத்தாள்.
பத்துக்கு மூன்றுவரை வலிக்கலாம்,
மறுநாள் காலை ஏறியிருக்கக் கூடாது.
எட்டைச் சுருக்கு, எண்ணிக்கையைக் கூட்டு.
மலை பிறகு.

ரெலாவ் ஃபிளாட்டில்
பழுதான லிப்டுக்குப் பக்கத்துப் படியில்
ஒரு காலை மெல்ல இறக்கி
குதிகால் தரையை முகர்ந்ததும் ஏற்றுகிறேன்.
பதினைந்து. மறுகால் பதினைந்து.
அரிசிப் பையோடு ஏறி வரும் மிஸ்டர் ஊய்
இரவுதோறும் ஒதுங்கி நின்று கேட்கிறார்:
"இன்னும் கீழே போய்ச் சேரலையா?"
"பெலும், அங்கிள்."

பாலம் ஓட்டத்தன்று, விடியுமுன்,
கரையோரம் நின்று தண்ணீர்க் குவளை நீட்டினேன்.
கட்டிய பணத்துக்குச் சட்டை மட்டும் மிச்சம்.
ஒருத்தி முகம் சுளித்து
முழங்காலைத் தட்டிக்கொண்டே வந்தாள்,
குவளையை வாங்கினாள்.
ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவள்
கடலுக்கு மேல் இருந்தாள்.