நாலு கிலோ இருநூறு

சீட்டுக்காசு இருபத்தையாயிரம்.
அதற்குள் நீந்தி, மிதித்து, ஓடி முடிக்க வேண்டும்.

கசூரினாவில் நானூறு மீற்றர் கடல்,
காரைநகர்த் தெருக்களில் இருபது கிலோமீற்றர் சோளகம்,
பிறகும் கால் மிச்சமிருந்தால் ஐந்து கிலோமீற்றர் ஓட்டம்.
"உனக்கென்ன விசரா?" என்றாள் வினோதா.
அனுமதிக் கட்டணம் மூவாயிரத்தை
அன்றைக்கே கட்டிவிட்டேன்,
மனம் மாறாமலிருக்க.

பருத்திச் சட்டை கடலுக்குள் சட்டையாக இருப்பதில்லை.
இன்னொரு ஆளாகி
இடுப்பைப் பிடித்துத் தொங்குகிறது.
இதற்கென்றே தைத்த உடுப்பு
கொழும்பில் முப்பத்திரண்டாயிரம்.
அலுமாரியின் அடியில்
வலைப்பந்துக் காலத்து நைலோன் மேற்சட்டை,
முதுகில் இலக்கம் பாதி உரிந்து.
போட்டுப் பார்த்தேன்.
மூச்சு விடாதவரை அளவாயிருந்தது.
கஸ்தூரியார் வீதியில் கறுப்பு நீளக் காற்சட்டை,
ஆயிரத்து நானூற்றைம்பது.

நீச்சல் கண்ணாடி
பஸ் நிலையத்தடியில் அறுநூறு ரூபாய், நீலம்.
கீரிமலையில் பெண்கள் கேணியில் முங்கி எழும்ப
இடது கண்ணுக்குள் ஒரு கேணி.
அடுத்தது இரண்டாயிரத்துத் தொளாயிரம்.
மலிவென்று வாங்கியதை
மூவாயிரத்து ஐந்நூறுக்கு வாங்கினேன்.

சைக்கிள் என்னிடம் இருந்தது:
கூடை, கரியர், செயின் கவர், இரண்டு மட்கார்ட்,
ஸ்டாண்ட், எல்லாம் சேர்ந்த ஒரு குடும்பம்.
ஒரு ஸ்பனர், ஒரு சனிக்கிழமைப் பின்னேரம்.
கழற்றியதைச் சாக்கில் கட்டி
ஐந்துசந்தியில் சப்ரானின் இரும்புக்கடைத் தராசில் வைத்தேன்.
நாலு கிலோ இருநூறு.
கொழும்பில் இதே நாலு கிலோ குறைய
ஆறு இலட்சம் கேட்கிறார்கள்.
சப்ரான் எனக்கு அறுநூற்று முப்பது தந்தார்.
"மிச்சப் பாரத்தையும் ஏத்திப் பாப்பமோ?"
என்னைப் பார்த்துச் சிரித்தார்.
எழுபத்தொன்று.
அதைக் கழற்ற ஸ்பனர் இல்லை.

மணியை விட்டுவைத்தேன்.
காரைநகர் மாடுகளுக்குப் போட்டி தெரியாது.
பிறேக் கட்டை, புது ரியூப் இரண்டு: மூவாயிரத்து அறுநூறு.

ஹெல்மற் வினோதாவிடம் சும்மா கிடந்தது.
"ஒருக்கால்தான் விழுந்தது" என்று தந்தாள்.
எனக்குத் தொழில் எக்ஸ்ரே.
ஒருக்கால்தான் விழுந்தவர்களைத்தான்
ஒவ்வொரு இரவும் படம் எடுக்கிறேன்.
கடைசி நோயாளி போனபின்
கதவைச் சாத்தி, அதை மேசையில் வைத்தேன்,
தலை இருக்க வேண்டிய இடத்தில்,
தலை இல்லாமல்.
படத்தில் இரண்டு ஆணி மட்டும் வெள்ளையாய்.
நுரைக்கு நிழல் விழாது.
வெடிப்பு உண்டா இல்லையா,
என் இயந்திரத்துக்கும் தெரியவில்லை.
அடுத்த நாள் ஒன்பதாயிரத்து எண்ணூறு கொடுத்துப்
புதிது வாங்கினேன்.
கடைக்காரர் ஆச்சரியப்பட்டார், நான் விலை பேசாததற்கு.

மிச்சம் நாலாயிரத்துச் சொச்சம்.
ஆசைப்பட்ட சப்பாத்து பதினாலாயிரம்.
மூன்று தரம் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுவிட்டு
டியூட்டிக்குப் போடும் பழைய சோடியைக் கழுவிக் காயவைத்தேன்.
லேசை உருவி, பாவாடை இலாஸ்டிக் கோத்தேன்,
ஈரக் கையால் முடிச்சுப் போடத் தேவையில்லை.
இரண்டு மீற்றர் நூற்றிருபது.
வெட்டியதில் மிஞ்சியது இலக்கம் தொங்கவிட இடுப்புப் பட்டி.

போட்டியன்று விடிய ஐந்தரை.
ஸ்டாண்ட் இல்லாத சைக்கிளை
எங்கே நிறுத்துவது என்று
அப்போதுதான் யோசித்தேன்.
சவுக்கு மரத்தில் சாய்த்தேன்.
பக்கத்தில் ஒரு பெடியன்,
விரலால் தூக்கக்கூடிய சைக்கிளோடு,
பையை மூன்றாம் தரம் கொட்டித் தேடினான்.
சிங்களத்தில் ஏதோ கேட்டான்,
பிறகு சட்டையில் விரலால் குத்திக் காட்டினான்.
ஊசி.
நாலு வைத்திருந்தேன், பட்டிக்கு இரண்டு போதும்.
மற்ற இரண்டையும் அவன் இலக்கத்தில் குத்திவிட்டேன்,
கை கொஞ்சம் நடுங்கியது,
அவனுக்கா எனக்கா தெரியவில்லை.

விசில் ஊதினார்கள்.
தண்ணீர் நினைத்ததைவிடச் சூடு.