இருநூற்றுப் பதினான்கு நிமிடம்

வள்ளவிளை மைதானத்தில் இப்போது
கடல் பக்கம் கார்னர் கிடையாது.
போன ஆடியில் கள்ளக்கடல் ஏறி
கொடிக்கம்பையும் மூன்று தென்னையையும்
கூட்டிக்கொண்டு போய்விட்டது.
அந்த மூலையில் மட்டும்
பந்தைக் கையால் எறிந்து தொடங்குகிறோம்.
எந்தச் சங்கத்தின் புத்தகத்திலும் இல்லாத விதி.

கொல்கத்தாவில் எனக்குப் பத்தொன்பதாம் எண்.
சட்டையின் முதுகில் கிளீட்டஸ் என்பதை
கிளிட்டாஸ் என்று அச்சடித்திருந்தார்கள்.
திருத்தித் தருகிறோம் என்றார்கள்.
திருத்துவதற்குள் நான் முடிந்துவிட்டேன்.

ஒன்பது ஆட்டம்.
அதில் ஏழு, பெஞ்சிலிருந்து எழுந்துபோய் ஆடியது.
கூட்டினால் இருநூற்றுப் பதினான்கு நிமிடம்.
நாகர்கோவிலில் பஸ் ஏறினால்
அந்த நேரத்துக்கு மதுரைகூட வராது.
ஒரு கோல். மழையில்,
யாரோ அடித்தது என் வலது முட்டில் பட்டு
எனக்கே தெரியாமல் உள்ளே போனது.
ஓடிவந்து கட்டிப்பிடித்தார்கள்;
என்ன நடந்தது என்று அவர்களிடம்தான் கேட்டேன்.

அதே முட்டுதான்.
யாரும் தொடவில்லை. சும்மா திரும்பினேன்.
காய்ந்த மட்டை முறிகிற சத்தம்,
எனக்கு மட்டும் கேட்டது.

கிளப் ரயிலுக்குக் காசு கொடுத்தது.
ஸ்கேனுக்கு, அண்ணன் எட்வின்
நாற்பது நாள் ஆழ்கடலில் கிடந்து
சுறாவோடு கொண்டுவந்த பங்கு போனது.
ஆபரேஷனுக்கு அடுத்த நாற்பது நாள்.
அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
என் முட்டை மட்டும் அடிக்கடி பார்ப்பான்,
என்ஜினைப் பார்க்கிற மாதிரி.

'எப்பம்லே திரும்பப் போற?'
இரண்டு வருடம் ஊர் கேட்டது.
கேட்பதை நிறுத்திய வாரம்
திருவனந்தபுரம் போய்
பயிற்சியாளர் படிப்பில் சேர்ந்தேன்.
ஒரு சான்றிதழ், ஒரு விசில்,
ஆரஞ்சு நிறக் கூம்பு பன்னிரண்டு.

இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்:
முதல் வருடம்
எவனாவது என்னைவிட அழகாகத் திரும்பினால்
விசில் ஊதிவிடுவேன்.
தப்பே நடக்காத தப்புக்கு.
வாய்க்கு வந்த காரணம் ஒன்று.
பிள்ளைகள் அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள்:
கிளீட்டஸ் ஃபவுல்.
குருசடிக்குப் பின்னால் அவர்கள் சொல்லிச் சிரித்ததை
சைக்கிளில் போகும்போது கேட்டேன்.
பிரேக் பிடிக்கவில்லை.

மெர்ஜிலினுக்குப் பதினாறு வயது, இடது கால்.
மணலில் ஓடிப் பழகியதால்
புல்லில் அவள் ஓடுவது
யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டது போலிருக்கும்.
பெங்களூர் பெண்கள் அணிக்கு ஆள் பார்க்க ஒருவர் வந்தார்,
தொப்பி, கறுப்புக் கண்ணாடி, இளநீர் கையில்.

பாதி ஆட்டத்தில் அவள் திரும்பினாள்.
நான் அன்று திரும்பினேனே, அந்தப் பக்கம்,
அந்த வேகத்தில்.
விசில் என் பல்லுக்கிடையில் இருந்தது.
மூச்சும் எடுத்துவிட்டேன்.
இது பொறாமையா பயமா
என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அவள் முட்டு தாங்கியது.
பந்து வலையைக் கிழித்து
(கிழிந்த பழைய மடிவலைதான், இன்னும் கொஞ்சம் கிழிந்தது)
வள்ளங்களுக்கு நடுவே உருண்டது.
துப்பிய விசில் மணலில் கிடந்தது.

பேப்பர் வந்தது. பதினான்கு பக்கம்.
காயம் என்ற சொல் ஒன்பதாம் பக்கத்தில்
ஒரே ஒருமுறை.
'முட்டு போனா ஸ்கேன் யாரு எடுப்பா?' என்றேன்.
அவர் சிரித்தார்.
நான் சிரிக்காததைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார்.
'கேட்டுச் சொல்றேன்.'
கேட்டு, எழுதி வாங்கி வாங்க என்றேன்.
அவள் அப்பாவும் கடலிலிருந்து வர
பதினெட்டு நாள் ஆகும், அவசரமில்லை.

அவள் என்னை முறைத்தாள்.
பதினெட்டு நாளும் முறைப்பாள். முறைக்கட்டும்.

அவர் கார் ஏறும் முன்
நோட்டைத் திறக்கச் சொன்னேன்.
மெ-ர்-ஜி-லி-ன்.
சட்டைக்கு, சார்.
எழுதியதை ஒருதடவை
சத்தமாக வாசியுங்கள்.