சில்லு வைத்த கல்

வினிபெக்கில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
வெளியே விளையாட முடியாதென்று
ஒலிபெருக்கி சொன்னதும்
பதினோராம் அறைப் பிள்ளைகள் ஏழு பேரும் நானும்
ஜிம்முக்குப் போனோம்.

தரையில் நீல நாடா ஒட்டிய வட்டம்.
தள்ளிவிடும் கல் அதற்குள் போய் நிற்க வேண்டும்,
அவ்வளவுதான் கர்லிங்.
இங்கே பனிக்கட்டி இல்லை.
கல்லும் கல்லில்லை, பிளாஸ்டிக்.
அடியில் மூன்று சில்லு.

"அப்ப ஏன் கூட்டுறது?"
ஜெரிக்கோ கேட்டான், தும்புத்தடியைத் தலைகீழாகப் பிடித்தபடி.
நியாயமான கேள்வி.
பனியில் கூட்டினால் கல் இன்னும் கொஞ்சம் ஓடும்.
இங்கே விடிய விடியக் கூட்டினாலும்
சில்லு தன்பாட்டில்தான் போகும்.
"தள்ளினவரின் கல்லோடு கூடப் போறதுக்கு" என்றேன்.
அவன் நம்பவில்லை.
நானும் பாதிதான் நம்பினேன்.

என் கையில் ஓர் அட்டை, அதில் ஒரு தாள்.
முறை வரும்வரை காத்திருத்தல்: நினைவூட்டியது எத்தனை தடவை?
போன கிழமை டான்சிக்கு ஒன்பது.
இன்று ஆறு.
ஒருமுறை நான் வாய் திறக்குமுன்பே
என்னைப் பார்த்துவிட்டுத் தானே நின்றாள்.
அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் அரைக்கோடு ஒன்று கீறி வைத்தேன்.

கடைசிக் கல் டான்சியுடையது. சிவப்பு.
தொடுவதுபோல மெல்லத் தள்ளினாள்.
அது பாதி வழியிலேயே யோசிக்கத் தொடங்கியது.
மஞ்சள் அணி ஜெரிக்கோ
ஓடிப்போய் அதன் முன்னால் கூட்டினான்,
முழங்கால் தரையில் உரச,
"நிக்கப் போகுது, நிக்கப் போகுது" என்று அலறிக்கொண்டு.
"அது எங்கட இல்லை! அது சிவப்பு!"
ஓரன் கத்தியது அவனுக்குக் கேட்கவில்லை.

கல் நீலக் கோட்டில் ஏறி நின்றது.
கூட்டியதால் அல்ல.
அந்த இடத்தில் தரை கொஞ்சம் சரிவு,
நாலு வருசமாக அங்கே நடக்கிற எனக்குத் தெரியும்.
நான் சொல்லவில்லை.

ஆட்டம் முடிந்தால் கை கொடுக்க வேண்டும்.
ஜெரிக்கோவின் கையை யாரும் தொடக்கூடாது,
அவனுடைய அம்மாவுக்கே நகம் வெட்டும் நாள் போர்.
அவன் தும்புத்தடியை நீட்டினான்.
டான்சி கொஞ்சம் பார்த்தாள்.
பிறகு தன்னுடையதை நீட்டினாள்.
தும்பும் தும்பும் முட்டின.

என் மொழியில் விளக்குமாற்றைத் தூக்கினால்
பேச்சு முறிந்தது என்று பொருள்.
இங்கே அதைத் தூக்கிக்கொண்டு
வரிசையில் நிற்கிறார்கள்.

ஓரன் மட்டும் வரவில்லை.
சுவரைப் பார்த்தபடி, தோள் குலுங்க.
ஜெரிக்கோ போனான்.
எதுவும் பேசாமல், ஒரு முழம் தள்ளி,
தும்புத்தடியைத் தரையில் வைத்துவிட்டு நின்றான்.
நான் எண்ண மறந்துபோனேன்.

பஸ் வந்துவிட்டது. பதினாலு கையுறை தேட வேண்டும்.
கதவருகே திரும்பிப் பார்த்தேன்:
ஓரன் திரும்பாமலே
சப்பாத்து நுனியால் அந்தத் தும்பை
ஒரு தட்டுத் தட்டினான்.

கோபமாகத்தான்.