சுவர்க்குறிப்பு, மூன்றாம் வரைவு

அறுபது சொல். அதற்கு மேல் போனால்
பால்டிமோரில் யாரும் நின்று படிக்கமாட்டார்கள்
என்பது எங்கள் அலுவலகக் கணக்கு.

ஏழடி உயரத் துணி. மேலே பச்சை,
அதன் இடுப்பில் நீலம், அப்புறம் மஞ்சள்,
கீழே பாதிக்கு மேல் சிவப்பு.
வெர்லீன் டகெட், 1958. தலைப்பில்லை.
முதல் வரைவில் எழுதினேன்:
"இங்கே நிறம், நிறத்தைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை."
எழுதி முடித்துச் சாப்பிடப் போனேன்.

அவளுடைய காகிதப் பெட்டி நவம்பரில் வந்தது.
சலவைக் கடை ரசீதுகள், பல் மருத்துவர் பாக்கி,
டர்பன்டைன் வாங்கிய கணக்கு,
வீட்டுக் கடன் விண்ணப்பத்தின் நகல் ஒன்று.
அதில் நிறம் என்றொரு கட்டம்.
அவள் கையெழுத்தில் நிரப்பியிருந்தது.
பின்னால் குத்தியிருந்த பதில் நாலே வரி:
தாங்கள் கேட்ட வீடு நான்காம் தரப் பகுதியில் உள்ளது,
வருந்துகிறோம்.
தட்டச்சில் வருத்தம் மட்டும் கொஞ்சம் மேலேறியிருந்தது.

நகர ஆவணக் காப்பகத்தில்
நான்காம் தரத்தைத் தேடினேன்.
முப்பதுகளின் வரைபடம்.
கடன் கொடுக்கத் தக்க தெருக்களுக்குப் பச்சை,
பரவாயில்லைக்கு நீலம்,
சரிந்துகொண்டிருப்பதற்கு மஞ்சள்,
கறுப்பர் குடியிருந்தால், பேச்சுக்கே இடமில்லாமல், சிவப்பு.
பச்சை வடக்கே, மேட்டில்.
சிவப்பு கீழே, துறைமுகத்தை ஒட்டி.
கைப்பேசியில் படம் பிடித்து வந்து
துணிக்கு நேரே நீட்டினேன்.
கை நடுங்கியது என்று எழுதினால் அழகாக இருக்கும்.
நடுங்கவில்லை. பசித்தது.

ஒன்று மட்டும் பொருந்தவில்லை.
வரைபடத்தின் எல்லைகள் ஸ்கேல் வைத்து இழுத்தவை.
இவளோ பூச்சில்லாத பருத்தியில்
சாயத்தைத் தண்ணீர்போல் இளக்கி ஊற்றியிருக்கிறாள்.
சிவப்பு மஞ்சளுக்குள் ஏறுகிறது.
ஓரிடத்தில், விரல் அகலத்துக்கு,
நீலம் வரைக்கும் போய்விட்டது,
யாரையும் கேட்காமல்.

வரைபடத்தோடிருந்த அறிக்கையில் அதிகாரி:
"இத்தெருவில் ஊடுருவல் தொடங்கிவிட்டது."
1961இல் ஒரு விமர்சகர், இதே படத்தின் முன் மெய்ம்மறந்து:
"என்ன மென்மையான ஊடுருவல்!"

இரண்டாம் வரைவு அன்றிரவே முடிந்தது.
எல்லாவற்றையும் வைத்தேன். இருநூற்றுப் பத்துச் சொல்.

பிறகு தங்கை ஓரெத்தாவிடம் பேசினேன்.
தொலைபேசிக்குப் பின்னால் தொலைக்காட்சி,
யாரோ பரிசு வென்று கூச்சலிட்டார்கள்.
"வரைபடமா? அவள் எங்கே வரைபடம் பார்த்தாள்?
மஞ்சள் பிடிக்கும் அவளுக்கு, அவ்வளவுதான்.
சமையலறைக்கும் அதையேதான் அடித்தாள்.
காலி செய்யும்போது வெள்ளையடித்துக் கொடு என்றான் வீட்டுக்காரன்.
நான்தான் அடித்தேன். மூன்று பூச்சு.
அப்படியும் தெரிந்தது."

நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.
எந்த வீட்டுக்காரன் என்று கேட்கவில்லை.
எத்தனை வாடகை வீடுகள் என்றும்.

மூன்றாம் வரைவு இப்போது சுவரில் இருக்கிறது.
டர்பன்டைனில் இளக்கிய எண்ணெய்ச் சாயம், பூச்சில்லாத பருத்தி.
உயரம், அகலம், ஆண்டு.
வாடகை வீடொன்றின் முன்னறையில் வரைந்தது.
அன்பளிப்பு: வங்கியின் பெயர்,
மறுப்புக் கடிதத்தின் தலையில் இருந்த
அதே சாய்ந்த எழுத்தில்.

இருபது சொல்லுக்குள் முடிந்துவிட்டது.
மீதி நாற்பதுக்கு
அட்டையில் வெள்ளை.