ஆறாம் எண் தொட்டி

ஆறு பல் போட்ட ஆடு என்றால்
சிறுநீரகம் ஆறாம் எண் தொட்டிக்கு.
மனிதர் தின்ன ஆகாது.
வேலையில் சேர்ந்த அன்று
மேற்பார்வையாளர் டெஸ்மண்ட் சொன்னது அவ்வளவுதான்.
ஏன் என்று கேட்பதற்குள்
கொக்கியில் அடுத்தது வந்துவிட்டது.

இளங்குட்டிக்கு இந்த விலக்கு இல்லை.
எத்தனை வருடம் புல் மேய்ந்தது என்பதுதான் கணக்கு.

காட்மியம் என்ற சொல்லை
தேநீர் இடைவேளையில் பிரிஹீராதான் சொன்னாள்.
எனக்கு எதிர்மேசையில் கொழுப்புச் சீவுகிறவள்,
சனிக்கிழமைகளில் ஓடையில்
விலாங்குக் கூண்டு போடுகிறவள்.
உரத்தோடு வந்ததாம்.
சின்ன விமானங்கள் சரிவெல்லாம் தூவிக்கொண்டு போகுமாம்,
கொடியில் காயும் துணியைக்கூட விடாமல்.
மண்ணில் தங்கியது போக
புல்லில் கொஞ்சம் ஏறும்,
மழையோடு கொஞ்சம் இறங்கும்,
ஓடையடிச் சேற்றில் போய்ப் படுத்துக்கொள்ளும்.
விலாங்கு வேறெங்கே படுக்கும்?

"அந்த உரம் எங்கேயிருந்து வந்தது?"
அவள் கையுறையைக் கழற்றினாள்,
மறுபடி மாட்டிக்கொண்டாள்.
"இப்போது எங்கெங்கிருந்தோ.
அப்போது
உன் தீவிலிருந்து, எபெலினா."

நவூருவின் நடுப்பகுதி இப்போது அங்கே இல்லை.
சுரண்டி எடுத்தது போக
சுண்ணாம்புக் கூர்கள் நிற்கின்றன,
சதை வழித்த கீழ்த்தாடை போல.
அப்பா கப்பலுக்குப் பாரம் ஏற்றிவிட்டு
புருவம் வரை வெள்ளையாக வருவார்.
நம் மண்ணை எங்கே கொண்டுபோகிறார்கள் என்று கேட்டேன், ஆறு வயதில்.
பச்சையான ஓர் ஊருக்கு, என்றார்.

இதுதான் அந்தப் பச்சை.
வைக்காட்டோவுக்குப் போகும் சாலையின் இரண்டு பக்கமும்,
கண் கூசுமளவுக்கு.

பண்ணைக்கார ஃபெர்ஹூவனைத் திட்டலாம் என்றால்
அவர் கரையோரம் வேலி போட்டிருக்கிறார்,
செடி நட்டிருக்கிறார்,
போன வசந்தத்தில் எங்களுக்குப் பிளம் பழம்கூடத் தந்தார்.
உரம் போட்டது அவருடைய அப்பா.
ஏற்றியது என்னுடைய அப்பா.
பிரிஹீராவின் அப்பா என்ன செய்தார்?
விலாங்கு தின்றார்.

சேற்றைக் குப்பியில் எடுத்துப் போனவர்கள்
"வரம்புக்குள்தான் இருக்கிறது" என்று கடிதம் போட்டார்கள்.
அதை மடித்து
ஆடுகிற மேசையின் காலுக்கடியில் வைத்திருக்கிறாள்.

நேற்று கூண்டில் ஒன்று.
என் தொடைப் பருமன்,
கண்ணெல்லாம் நீலம் பூத்து.
கடலுக்குப் புறப்படத் தயாரானது என்றாள்.
அறுபது வயதிருக்கலாம்,
வடக்கே வெதுவெதுப்பான கடலுக்கு நீந்திப் போய்
முட்டையிட்டுச் செத்துவிடும்.

வடக்கே என்றால்?
உங்கள் பக்கம்தான், கிட்டத்தட்ட.

பழக்க தோஷம்,
குனிந்து அதன் வாயைப் பிரித்துப்
பல் பார்க்கப் போனேன்.
பிரிஹீரா சிரித்த சிரிப்பில் கூண்டு சாய்ந்தது.
சாய்ந்ததா, சாய்த்தாளா, நான் கேட்கவில்லை.

கலங்கிய நீர் தெளிய
வெகுநேரமானது.
நாளை காலை ஐந்து மணி ஷிப்ட்.