டபுள் விழும்போது

நகரி ஜாத்திரை. பேட்டரி விளக்கின் கீழ்
விரித்த தார்ப்பாயில் ஆறு கட்டம்.
ஆட்டின், டைமன், கிளாவர், ஸ்பேட், கிரீடம், லங்கர்.
பெயின்ட் அடித்தவள் நான்.
டப்பா குலுக்குவது குப்பையா,
காசு டின் என் மடியில்.

தறிக்கார மொகிலி
கட்டையைக் கேட்டு வாங்கிக் கடித்தான்.
ஈயம் இல்லை.
சொம்புத் தண்ணீரில் போடு என்றேன்.
எந்தப் பக்கமும் சாயாமல்
புரண்டு புரண்டு மிதந்தது.

"மூணு கட்டை, ஆறு படம்.
பாதிக்குப் பாதி" என்றான்.
எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

பிறகு ஒரு யோசனை வந்தது அவனுக்கு.
ஆறு கட்டத்திலும் பத்துப் பத்து ரூபாய்.
"இப்ப எப்படித் தோப்பேன், சொல்லு?"

முதல் உருட்டல், மூன்றும் வேறு வேறு.
முப்பது போனது, முப்பது வந்தது.
அடுத்து, இரண்டு கிரீடம், ஒரு கிளாவர்.
டபுள்! டபுள்! கூட்டம் எகிறியது.
கிரீடத்துக்கு இருபது, கிளாவருக்குப் பத்து
எண்ணிக் கொடுத்தேன்.
மற்ற நாலு கட்டத்தையும் வழித்தேன்.
நாற்பது.

மொகிலி கத்தவில்லை.
ஊரே விசிலடிக்கும் அந்த நொடியில்தான்
டின்னுக்குள் ஒரு பத்து இறங்குகிறது.
கண்டுவிட்டான்.
பாவில் அறுந்த இழை தேடும் கண் அது.

கட்டையில் கள்ளம் இல்லை, மொகிலி.
இருநூற்றுப் பதினாறு இழைக்குப்
பதினேழு குறையும், அவ்வளவுதான்
என்று வாய்வரை வந்தது.
என் மகளின் ஃபீஸ் அந்தப் பதினேழில் இருக்கிறது.

அவன் என்னைப் பார்த்தான்.
பீடி பற்றவைத்தான்.
மிச்சம் ஐம்பதையும்
லங்கரில் வைத்தான்.