பதினான்கு நொடி

கென்சிங்டன் வீட்டு கேட் முழுசாகத் திறக்கப்
பதினான்கு நொடி.
எண்ணியிருக்கிறேன்.

அதுவரை தெருவிலேயே நிற்பேன்,
கியரில், கிளட்சில் கால்.
பின்னால் ஒரு விளக்கு கூடவே திரும்பினால்
என் வீட்டை யார் வீடோபோலத் தாண்டிப் போவேன்.
சிக்னலில், முன்வண்டியின் டயர்
தரை தொடும் இடம் தெரிகிற தூரத்தில் நிறுத்துவேன்.
கைப்பை டிக்கியில்.

இதெல்லாம் பழைய வண்டி போனபிறகு.

அன்று கேட்டை முட்டிக்கொண்டு காத்திருந்தேன்.
ஜோஹானஸ்பர்க் மழை.
துப்பாக்கி பிடித்த பையனுக்கு மீசை அரும்பவில்லை.
கை நடுங்கியது, அவனுக்கு.
சாவியை வாங்கியதும் "நன்றி, அம்மா" என்றான்,
சில்லறை வாங்குகிறவன் மாதிரி.

இன்ஷூரன்ஸ்காரர் பட்டியல் கேட்டார்.
குடை ஒன்று. கோட்டு ஒன்று.
நியிகோவின் இடதுகால் ஷூ.
ஒற்றை ஷூவுக்குக் கட்டம் இல்லை என்றார்.

நேற்று நியிகோ சமையலறையில்
இரண்டு நாற்காலி போட்டு வண்டி ஓட்டினான்.
பின்சீட்டில் துணி யானை.
உர்ரென்று போன வண்டி ஃப்ரிட்ஜருகே நின்றது.
இரண்டு கையும் மேலே.
யார் முகத்தையும் பார்க்காமல், தரையைப் பார்த்து,
சொல்லிச் சொல்லிச் செய்தான்:

"இப்போ பெல்ட்டைக் கழட்டுறேன்.
இடது கையால.
பின்னாடி என் பிள்ளை இருக்கு.
அதை மட்டும் எடுத்துக்கறேன்."

என் குரல்.
நான் மூச்சு விட்ட இடங்களில்
அவனும் விட்டான்.

யானையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு
சுவரோரமாக நடந்து போனான், திரும்பாமல்.

சாப்பிட உட்காரலாம் என்று நாற்காலியை இழுத்தேன்.
"அது போயிடுச்சும்மா."

நின்றுகொண்டே சாப்பிட்டோம்.